நாகேஷ் படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது? என் கணக்கு இது, சண்டைக்கு வரலாம்

#1 ஈரத்துண்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவோடு உட்கார்ந்து மறுபடியும் 'சர்வர் சுந்தரம்' பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள். அப்பாவுக்கு 82 ஆகிறது. 1962இல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மெட்ராஸுக்கு ரயிலேறி வந்து, திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டலில் மேஜை துடைக்கச் சேர்ந்தவர். அப்புறம் சர்வர். 30 வருஷம் தோளில் அந்த ஈரத்துண்டு கிடந்தது. என் பெயர்க்காரணம் இப்போது புரிந்திருக்கும்.

நாகேஷ் கோப்பைகளையும் சாசர்களையும் கோபுரம் மாதிரி அடுக்கித் தூக்கிக்கொண்டு வருகிற இடம் வந்ததும், அப்பா எப்போதும் போல நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஊரே சிரிக்கிற இடம் அது. அவர் சிரிக்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாகேஷ் படங்களில் எனக்கு உயிராக இருப்பவை எல்லாவற்றிலும் அவர் கைக்கு ஒரு வேலை இருக்கிறது. 'சர்வர் சுந்தர'த்தில் (1964) பரிமாறுகிறவர். 'மேஜர் சந்திரகாந்'தில் (1966) தையல்காரர். 'எதிர்நீச்ச'லில் (1968) மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு வீட்டுக்காரர்கள் ஏவுகிற வேலையெல்லாம் செய்கிற மாது. மூன்றுமே பாலசந்தர் எழுதியவை, மூன்றுமே முதலில் மேடையில் நாடகமாக நடந்தவை. ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்ட மனுஷர் பாலசந்தர். மாசச் சம்பளக்காரனுக்குத்தான் இன்னொரு மாசச் சம்பளக்காரனின் கை கண்ணில் படும் போல.

'சர்வர் சுந்தர'த்தை இயக்கியது கிருஷ்ணன்-பஞ்சு. அதில் 'அவளுக்கென்ன' பாட்டைத் திரும்பப் பாருங்கள். ஒரு பக்கம் எம்.எஸ்.வி.யும் டி.எம்.எஸ்.ஸும் நிஜமாகவே ஒலிப்பதிவில் நிற்பார்கள், இன்னொரு பக்கம் சினிமா நடிகனாகிவிட்ட சுந்தரம் ஆடுவார். பிரமாதமான ஆட்டம். ஆனால் எனக்கு என்னவோ, அந்தக் கைகள் தட்டைத் தேடுகிற மாதிரியே தெரியும். படத்தின் முடிவில் அவர் போய் நிற்கிற இடமும் அதுதானே.

சரி, என் மூன்றைச் சொல்லிவிட்டேன். உங்களுடையதைச் சொல்லுங்கள்.

#2 மயிலை மாமி

'எதிர்நீச்சல்' என்று எழுதிவிட்டீர்கள், இனி நான் தூங்கின மாதிரிதான்.

தெற்கு மாட வீதியை ஒட்டின சந்தில் ஒரு வீடு. ஆறு குடித்தனம், ஒரு குழாய், கொல்லைப்புறத்தில் ரெண்டே ரெண்டு கக்கூஸ். அங்கேதான் நான் வளர்ந்தேன். படத்தில் வருகிற பட்டு மாமியும் கிட்டு மாமாவும் எங்கள் வீட்டு முன்கட்டில் இருந்தார்கள், பேர்தான் வேறே. செளகார் ஜானகி நீட்டி முழக்கிப் பேசுவதைக் கேட்டு எங்கள் அம்மா, "யாரோ நம்மாத்துக்கு வந்து கேட்டுண்டு போயிருக்கா" என்றாள். இருமல் சத்தம் மட்டும் வரும், ஆள் வர மாட்டாரே, அந்தத் தாத்தாவும் இருந்தார்.

மாதுவும் இருந்தான். அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பத்து, பன்னிரண்டு வயசுப் பையன், யார் வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ரேஷன் வாங்குவது, மாவு மில்லுக்குப் போவது, தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாம் அவன்தான். சாப்பாடு முறை வைத்து ஒவ்வொரு வீட்டில். அவனுக்கென்று தட்டு கிடையாது, எந்த வீட்டில் சாப்பிடுகிறானோ அந்த வீட்டில் தையல் இலை. ஒருநாள் எங்கள் வீட்டு முறை. அம்மாவுக்கு ஜுரம். நான் மறந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டேன். அவன் தட்டவே இல்லை.

படத்தில் மாது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று குரல் கொடுக்கும்போது நாகேஷ் உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி நிற்பார், கவனித்தீர்களா? உள்ளே வா என்றால் வரவும், இல்லை என்றால் போகவும் தோதாக. அதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

#3 கோடம்பாக்கம் கேட்

ஈரத்துண்டு அண்ணே, கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தருமியை எங்கே வைப்பீர்கள்? அவருக்கு என்ன வேலை?

நாகேஷ் என்று சொன்னால் தமிழ்நாட்டில் பத்துக்கு எட்டுப் பேர் 'திருவிளையாட'லைத்தான் சொல்வார்கள். 1965. எதிரில் சிவபெருமானாக சிவாஜி, பிறகு சபையில் நக்கீரராக இயக்குநர் ஏ.பி. நாகராஜனே. நடுவில் எலும்பும் தோலுமாக நம்ம ஆள். சிவாஜி எதிரில் நின்றால் மற்றவர்கள் காணாமல் போவார்கள் என்பது அந்தக் காலத்து வழக்கு. இங்கே காட்சியையே தூக்கிக்கொண்டு போனது யார்? அதைப் பார்த்துவிட்டு சிவாஜியே, இதில் ஒரு அடிகூட வெட்டக்கூடாது என்று சொன்னதாக நாகேஷ் பல இடங்களில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். பெரிய மனசு ரெண்டு பக்கமும்.

அதே மாதிரி 'காதலிக்க நேரமில்லை' (1964) செல்லப்பா. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி. ஒரு படம்கூட எடுக்கவில்லை, அவருக்கு என்ன கை வேலை? பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சியில் கதவு கிறீச்சிடுவது, காற்று, காலடி எல்லாம் அவர் வாயிலேயே வரும். உங்கள் கணக்கு இங்கேயே உடைந்துவிட்டது.

#4 ஈரத்துண்டு

@கோடம்பாக்கம் கேட்: உடையவில்லை தம்பி, லேசாக நெளிந்திருக்கிறது.

தருமி வேலை தேடுகிறவர். அதுவும் முழுநேர வேலைதான். சேர்ந்தே இருப்பது எது என்று கேட்டதற்கு வறுமையும் புலமையும் என்று பதில் வருமே, அதைக் கேட்டதும் அந்த முகம் போகிற போக்கைப் பாருங்கள். தன்னைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்த ஆளின் முகம். பரிசு கிடைக்காமல் கோயிலில் தனியாகப் புலம்புகிற இடத்தில் கைகள் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, வராத காசை எண்ணிக்கொண்டே இருக்கும். என் கண்ணுக்கு அப்படித்தான்.

செல்லப்பா விஷயத்தில் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காட்சியில் பாதி மார்க் பாலையாவுக்கு. பயப்படத் தெரிந்த ஆள் எதிரில் இல்லாவிட்டால் பேய்க்கதை எடுபடாது. வசனத்தில் சித்ராலயா கோபுவின் பங்கையும் மறக்கக்கூடாது.

@மயிலை மாமி: அந்தப் பையன் கதவைத் தட்டவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

#5 லேட்டாவந்தவன்

நான் 1998இல் பிறந்தவன், எனவே திட்டாதீர்கள். எனக்கு நாகேஷ் அறிமுகமானது வில்லனாக. 'அபூர்வ சகோதரர்கள்', 1989 படம், டிவியில் போட்டார்கள். தர்மராஜ் என்று ஒரு கொடூரமான ஆள். கடைசியில் சர்க்கஸில் சிங்கத்திடம் போய்ச் சேரும்போது நான் கை தட்டினேன். பக்கத்தில் பாட்டி, "அடப்பாவி, நாகேஷ்டா அது" என்று அதிர்ந்துபோனாள். யாரோ சொந்தக்காரரைத் திட்டிவிட்ட மாதிரி. அவள் சொல்லித்தான் பழைய படங்களுக்கே போனேன். தப்பான வாசல் வழியாக உள்ளே வந்தவன் நான்.

என் ஓட்டு 'மகளிர் மட்டும்' (1994). பிணம். ஆமாம், பிணமாகவே நடித்திருப்பார். வசனம் கிடையாது, கண் திறக்கக்கூடாது, மூச்சு தெரியக்கூடாது. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் செத்தது தங்கள் மேலாளர் என்று நினைத்து ஆஸ்பத்திரியிலிருந்து கடத்துவார்கள். அந்த உடம்பு சரியும், சாயும், மேலே விழும். ஒவ்வொரு சாய்வும் சரியான நேரத்தில் விழும். கைக்கு வேலையே இல்லாத ஒரே நாகேஷ் படம் அதுதான் அண்ணா, அதிலும் கைதான் சிரிக்க வைக்கிறது. உங்கள் கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

'மைக்கேல் மதன காமராஜன்' அவினாசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கையாடிவிட்டு மாட்டிக்கொண்டு முழிக்கிற முழி!

#6 பெரம்பூர் லோகோ

எல்லோருக்கும் வணக்கம். ரயில்வேயில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் துறைக்காரர் என்ற உரிமையில் எழுதுகிறேன். நாகேஷ் முதலில் ரயில்வே குமாஸ்தா. தாராபுரத்துக்காரர், வீட்டில் கன்னடம். நாடகத்தில் வயிற்று வலிக்காரனாகச் சின்ன வேஷத்தில் வந்து, தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆரிடம் பாராட்டு வாங்கிய கதை எங்கள் ஆபீஸில் டீ நேரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். சொல்கிற ஒவ்வொருவரும் தானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மாதிரி சொல்வார்கள். 1959இல் 'தாமரைக்குள'த்தில் சினிமாவுக்கு வந்தார். வாய்ப்புத் தேடிய நாட்களில் தி.நகர் கிளப் ஹவுஸில் கவிஞர் வாலியோடு பட்ட பாட்டை வாலி நிறையவே எழுதியும் பேசியும் இருக்கிறார். அம்மைத் தழும்பு முகத்தை வைத்துக்கொண்டு கதாநாயகனாகவும் நின்றாரே, அந்தத் துணிச்சல் எங்கே கிடைக்கும்?

என் படம் 'அனுபவி ராஜா அனுபவி' (1967). இரட்டை வேடம். தூத்துக்குடிப் பேச்சோடு ஒரு நாகேஷ், மனோரமாவோடு 'முத்துக்குளிக்க வாரீகளா'. ஆனால் நான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது 'மெட்ராஸ் நல்ல மெட்ராஸ்' பாட்டுக்காக. வெளியூரிலிருந்து வந்தவன் இந்த ஊரின் அவசரத்தைப் பார்த்து மலைத்துப்போய்ப் பாடுவது. நானும் அப்படித்தான் சென்ட்ரலில் டிரங்குப் பெட்டியோடு இறங்கி நின்றேன். இப்போது பேரனுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினால், "தாத்தா, ரோடு காலியா இருக்கே, இதுக்கா இந்த மலைப்பு?" என்கிறான்.

'திருவிளையாடல்' சாந்தி, கிரௌன், புவனேஸ்வரி மூன்றிலும் 25 வாரம் ஓடியது. மூன்றில் ஒன்றாவது இன்று தியேட்டராக இருக்கிறதா? சாந்தியை இடித்தபோது நான் எதிர்ப்பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன். அவ்வளவு ஏன், பாண்டி பஜாரில் நாகேஷே கட்டிய நாகேஷ் தியேட்டர் இருந்ததே. அதுவும் கல்யாண மண்டபமாகிவிட்டது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அங்கே போனேன். பந்தியில் உட்கார்ந்து, திரை எந்தப் பக்கம் இருந்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பரிமாறுகிற பையன், "சார், சாம்பாரா ரசமா?" என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டான்.

#7 தனிக்கட்டை

கொஞ்சம் மாற்றுக் கருத்து. அடிக்க வராதீர்கள்.

நாகேஷ் மேதை, மறுப்பில்லை. ஆனால் அறுபதுகளில் அவர் நடித்துக் குவித்ததில் பாதிக்கு மேல் கதையோடு ஒட்டாத காமெடி டிராக். கதாநாயகன் டூயட் பாடிவிட்டு மூச்சு வாங்குகிற நேரத்தில் இவர் வந்து நாலு தடவை வழுக்கி விழுந்துவிட்டுப் போவார். அதையெல்லாம் யாரும் இங்கே பட்டியல் போட மாட்டீர்கள். 'நீர்க்குமிழி'யை யாராவது தூக்கிக்கொண்டு வரப்போகிறீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: பாலசந்தர் இயக்கிய முதல் படம், 1965, கிட்டத்தட்ட முழுக்க ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும். தைரியமான முயற்சி. ஆனால் கேமரா வைத்த நாடகம். எல்லோரும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசுவார்கள்.

ஆட்டம், பாட்டு, நடிப்பு மூன்றும் ஒரே ஆளிடம் வேண்டுமென்றால் சந்திரபாபுதான்.

#8 நிர்வாகி

சந்திரபாபுவா நாகேஷா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. 41 பக்கம் ஓடிவிட்டது. அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

#9 கோடம்பாக்கம் கேட்

@தனிக்கட்டை: டிராக் எல்லாமே வீண் இல்லை. 'அன்பே வா' (1966) எடுத்துக்கொள்ளுங்கள். சிம்லாவில் முதலாளியின் பங்களாவைக் காவல் காக்க வேண்டியவர் நாகேஷ். அதை வாடகைக்கு விட்டுக் காசு பார்ப்பார். முதலாளி எம்.ஜி.ஆரே யாரோ மாதிரி வந்து தன் வீட்டுக்குத் தானே வாடகை கொடுத்துத் தங்குவார். கதையே அந்தத் திருட்டுத்தனத்தின் மேல்தான் நிற்கிறது. நாகேஷை எடுத்துவிட்டால் எம்.ஜி.ஆருக்குத் தங்க இடமே இல்லை!

'பாமா விஜய'த்தையும் (1967) யாரும் சொல்லவில்லை. பாலையாவின் மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. பக்கத்து வீட்டுக்கு நடிகை குடிவந்ததும் அந்தக் குடும்பம் கடன் வாங்கிக் கோட்டு சூட்டு மாட்டுகிற அழகு! எங்கள் தெருவில் ஒரு சீரியல் நடிகை குடிவந்தபோது அதே கதை நடந்தது. ஒரே வாரத்தில் மூன்று வீட்டு வாசலுக்குப் புது பெயின்ட்.

#10 மயிலை மாமி

ஒரு படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அல்லது பேசத் தயங்குகிறீர்கள். 'தில்லானா மோகனாம்பாள்' (1968). வைத்தி.

ஆண்கள் எல்லாம் வைத்தியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் அடிவயிறு கலங்கும். அந்தத் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாதி குனிந்து, பல்லைக் காட்டிக்கொண்டு வடிவாம்பாளிடம் வந்து பேசுவானே, சிங்கபுரம் மைனருக்காகப் பெண்ணைப் பேரம் பேசுகிறான் என்பதே உறைக்காத அளவுக்கு இனிக்க இனிக்கப் பேசுவான். சி.கே. சரஸ்வதி ஆசையில் மயங்குகிற மயக்கமும் அதே தரம். ஆளைப் பார்த்ததும் கதவைச் சாத்த வேண்டும் என்று தோன்றாது, உட்காருங்கோ, காபி சாப்பிடுங்கோ என்று சொல்லத் தோன்றும். அப்படி ஒருத்தர் எங்கள் அத்தை வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். கல்யாணத் தரகர் என்று சொல்லிக்கொள்வார். சிரிக்க சிரிக்கப் பேசுவார். மேலே எழுத வேண்டாம்.

கொத்தமங்கலம் சுப்புவின் கதை விகடனில் தொடராக வந்தபோதே அம்மா படித்தவள். படம் பார்த்துவிட்டு, "படிக்கும்போது எனக்கு வைத்தி மேல் கோபம் வந்தது, இப்போ பயம் வர்றது" என்றாள். நாகேஷுக்கு இதைவிடப் பெரிய பட்டம் நான் கேட்டதில்லை. இதுவும் கை வேலைதானே ஈரத்துண்டு? கையைப் பிசைகிற வேலை.

#11 லேட்டாவந்தவன்

ராத்திரி உட்கார்ந்து 'நீர்க்குமிழி' பார்த்துவிட்டேன். தனிக்கட்டை சார் சொன்னது சரிதான், சத்தமாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் வார்டில் எல்லோரையும் கலாய்த்துக்கொண்டு ஒருத்தன் திரிகிறான், அவனுக்குத்தான் பெரிய வியாதி என்று நமக்குத் தெரிந்தபிறகு ஒவ்வொரு ஜோக்கும் தொண்டையில் நிற்கிறது. 'ஆடி அடங்கும் வாழ்க்கையடா' இந்தப் படத்துப் பாட்டு என்பதே எனக்குத் தெரியாது. சாவு வீட்டில் மட்டும் கேட்டிருக்கிறேன்.

வைத்தியை இனி மாமி சொன்ன கண்ணோடுதான் பார்க்க முடியும். நன்றி மேடம்.

#12 பெரம்பூர் லோகோ

'மேஜர் சந்திரகாந்'தை ஈரத்துண்டு ஒரு வரியில் தாண்டிவிட்டார். தங்கையைக் கைவிட்டவனைக் கொன்றுவிட்டு, கண் தெரியாத மேஜர் வீட்டில் அடைக்கலம் புகுவார் நாகேஷ். செத்தவன் அந்த மேஜரின் பிள்ளை. தங்கை ஜெயலலிதா. 'கல்யாண சாப்பாடு போடவா' என்று தங்கையைச் சீண்டிப் பாடுகிறவர், கொஞ்ச நேரத்தில் கொலைகாரராக வந்து நிற்பார். கோடம்பாக்கம் கேட் தம்பிக்கு ஒரு கொசுறு: ஏவி.எம். ராஜன் செய்த அந்தப் பிள்ளையின் பெயர் ரஜினிகாந்த். அந்தப் பெயரைத்தான் பாலசந்தர் பிற்பாடு சிவாஜி ராவுக்கு வைத்தார்.

அந்த ரஜினி முதன்முதலாக வந்த 'அபூர்வ ராகங்க'ளில் (1975) நாகேஷ் டாக்டர். சுவரில் விழுகிற தன் நிழலோடு சேர்ந்து மது அருந்துவார். கையில் கிளாஸ், நிழல் கையிலும் கிளாஸ். ரெண்டும் ஒன்றோடொன்று முட்டும். அப்புறம் 'நம்மவர்' (1994), மகளைப் பறிகொடுத்த பேராசிரியர். தேசிய விருது வந்தது அதற்குத்தான், அதுவும் சிறந்த துணை நடிகருக்கு. துணை! 1964இலேயே தனியாக ஒரு படத்தைத் தூக்கி நிறுத்தியவருக்கு. பத்ம விருது கடைசிவரை இல்லை. 2009 ஜனவரி 31இல் போய்விட்டார். சரி, விடுங்கள், இதைப் பேசினால் எனக்கு பி.பி. ஏறும்.

#13 தனிக்கட்டை

வைத்திக்கும் நிழலுக்கும் சேர்த்து என் பதிவில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். வழுக்கி விழுகிற பாதியை வாங்க மாட்டேன்.

#14 ஈரத்துண்டு

இரண்டு நாளாக அப்பாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். மாமியின் பையன் கதை வந்ததும், "எங்க ஓட்டல்லயும் ஒருத்தன் இருந்தான், எச்சில் இலை எடுக்கிறவன்" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை.

நேற்று சாயந்திரம் துணிந்து கேட்டேன். "ஏம்ப்பா, அந்தக் கோப்பை அடுக்கிற இடத்துல மட்டும் ஏன் சிரிக்க மாட்டேங்கறீங்க?"

"அவன் நல்லாத்தான் தூக்கறான். நடை சரியா இருக்கு. முழங்கையை உடம்போட ஒட்டி வெச்சிருக்கான் பாரு, அதை ஒருத்தன் வேலை செஞ்சு பார்த்திருந்தாத்தான் தெரியும். ஆனா காலி கோப்பைடா அது."

எழுந்து சமையலறைக்குப் போனார். எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பதே ஐந்து டபரா டம்ளர்தான். ஐந்திலும் விளிம்பு வரை தண்ணீர் பிடித்தார். இடது கையில் முதல் டபராவை விரல் நுனியில், அடுத்ததை உள்ளங்கை விளிம்பில், மூன்றாவதை மணிக்கட்டுக்கு மேலே. நாலாவதை வைக்கும்போது கை ஆடியது. நான் பிடிக்கப் போனேன். "தொடாதே" என்றார். ஐந்தாவதை வலது கையில் எடுத்துக்கொண்டு ஹால் வரைக்கும் பத்து அடி நடந்து, சோபா பக்கத்து ஸ்டூலில் ஒவ்வொன்றாக இறக்கினார். ஸ்டூலைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்.

தரையில் ரெண்டு சொட்டு. தோளில் துண்டு இல்லாததால் வேட்டி நுனியால் துடைத்தார்.

"ரெண்டு சொட்டு கீழே போச்சு" என்றார். "முதலாளி பார்த்திருந்தா சம்பளத்துல பிடிச்சிருப்பார்."